நம் வண்டி நம்பரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?



கொழும்புச் சந்திகளில் உள்ள சி.சி.டி.வி. கமராக்களைக் கொண்டே போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் திட்டத்தைப் பொலிஸார் 2024 ஜனவரியில் தொடங்கினார்கள். சிவப்பு விளக்கில் நிற்காமல் போனாலும், வெள்ளைக் கோட்டைத் தாண்டினாலும் யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள். கமராவில் பதிந்த வண்டி நம்பரை வைத்து உரிமையாளர் யார் என்று பார்ப்பார்கள். பிறகு அவர் வசிக்கும் பகுதிப் பொலிஸ் நிலையம் வழியாக அறிவித்தல் வீட்டுக்கு வரும்.

கண்டியில் இருக்கும் நம்மில் பலர் அதைக் கொழும்புச் செய்தி என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். ஆனால் கொழும்புக்கு ஒரு நாள் போய்த் திரும்பிய கம்பளைக்காரர் வீட்டுக்கும் அந்த அறிவித்தல் வரலாம் இல்லையா?

அதன் பிறகு விஷயம் வேகமாக நகர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் பொலிஸார் இ-ட்ரஃபிக் என்ற செயலியை அறிமுகப்படுத்தினார்கள். வீதியில் யாராவது தப்பாக வண்டி ஓட்டினால் நீங்களும் நானும் போனில் படம் எடுத்து நேரே பொலிஸுக்கு அனுப்பலாம். அதே ஆண்டில் ஸ்பொட் ஃபைனை கவ்பே என்ற இணையக் கட்டண முறை வழியாகக் கட்டும் வசதியும் வந்தது. கண்டி நகரிலும் சந்திகளில் கமராக்கள் இருக்கின்றன. பெரஹரா காலத்தில் அவற்றின் துணையோடுதான் கூட்டத்தைப் பொலிஸார் கவனிக்கிறார்கள். இந்தக் கமராக்கள் வண்டி நம்பரைத் தாமே வாசிக்கத் தொடங்குவது இனித் தொலைவில் உள்ள காரியமில்லை. உலகத்தின் பல நகரங்களில் அது அன்றாட நடைமுறை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கமராவே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை.

நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்த செய்தியை மலையகத்தில் யார் மறப்பார்? பேராதனை வீதியில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் காலை வைக்கும் தாய்க்கு, இரண்டு தனியார் பஸ்கள் போட்டி போட்டு வருவதைப் பார்க்கும்போது நெஞ்சு எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சாரதியை ஒரு கமரா பிடித்துக் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். பக்கத்தில் நிற்கும் பொலிஸ்காரரின் கைக்குள் ஏதாவது வைத்துவிட்டுத் தப்பிக்கும் பழக்கமும் கமராவால் குறையும். களவுபோன மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு கூடும். லீசிங்கில் எடுத்த ஓட்டோவை இழந்துவிட்டு, இல்லாத வண்டிக்கு மாதா மாதம் பணம் கட்டும் குடும்பத்தைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

பிறகு என்ன கவலை?

கவலை, குற்றம் செய்யாத வண்டிகளைப் பற்றியது. சாதாரண வேகக் கமரா வேகமாகப் போகிறவரை மட்டும் பிடிக்கும். நம்பரை வாசிக்கும் கமரா அப்படி இல்லை. தன் முன்னால் போகும் ஒவ்வொரு வண்டியையும் படம் எடுக்கும். தகட்டில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் கணினி பிரித்து வாசிக்கும். தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் மணி அடிக்கும். பொருந்தாவிட்டாலும், இந்த நம்பர் இந்த இடத்தை இத்தனை மணிக்குக் கடந்தது என்ற குறிப்பு எங்கோ ஒரு கணினியில் தங்கிவிடலாம். எத்தனை நாள் தங்கும், யார் எடுத்துப் பார்க்கலாம் என்பதை விதிதான் தீர்மானிக்க வேண்டும். விதி இல்லாத இடத்தில், கணினியில் இடம் இருக்கும் வரை தங்கும்.

கண்டி விஷயத்தில் இது ஏன் கூடுதலாக முக்கியம் என்று நம் ஊரின் அமைப்பைப் பார்த்தாலே புரியும். மூன்று பக்கம் மகாவலி வளைத்து ஓடுகிறது. தெற்கே ஹந்தானை மலை. கொழும்பிலிருந்து வருபவர் கடுகண்ணாவை ஏறி, பேராதனையும் கட்டம்பேயும் தாண்டித்தான் நகருக்குள் வர வேண்டும். மாத்தளைக்காரருக்கும் அக்குறணைக்காரருக்கும் கட்டுகஸ்தோட்டைப் பாலம். திகன, தெல்தெனிய, மஹியங்கனைப் பக்கத்தாருக்குத் தென்னெகும்புரப் பாலம். தலாத்துஓயாவிலிருந்து வருபவருக்கு அம்பிட்டிய வழி. இன்னும் சில சின்னப் பாதைகள் உண்டு, அவ்வளவுதான். கொழும்பு போன்ற விரிந்த நகரத்தை முழுமையாகப் பார்க்க நூற்றுக்கணக்கில் கமரா வேண்டும். கண்டிக்கு ஒரு கையின் விரல்களில் எண்ணக்கூடிய இடங்கள் போதும். யார் எப்போது ஊருக்குள் வந்தார், எப்போது வெளியே போனார் என்பது ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்துவிடும்.

இப்படி ஓர் ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் ரொய்ஸ்டன். ஹர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சின்னப் பட்டணம். அங்கே பொலிஸார் 7 கமராக்களை வைத்தார்கள். அந்த ஏழும் நிற்கும் இடங்களைத் தாண்டாமல் ஊருக்குள் வண்டியில் வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது என்ற நிலை. பொதுமக்களின் உரிமைக்காக இயங்கும் சில அமைப்புகள் முறைப்பாடு செய்தன. 2013 ஜூலையில் அந்நாட்டின் தகவல் ஆணையாளர் அலுவலகம், இது சட்டத்துக்கு மாறானது, இவ்வளவு பெரிய கண்காணிப்புக்குப் பொலிஸார் தகுந்த நியாயம் காட்டவில்லை என்று தீர்மானித்தது. கமராவை எடுத்துவிடு என்பதல்ல அந்தத் தீர்மானத்தின் சாரம். முதலில் தேவையை நிரூபி, அதற்கு அளவாக வை என்பதே.

"நான் தப்புப் பண்ணவில்லையே, எனக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனதோடு கேட்கிற கேள்வி அது. அதனால் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டின் வண்டி ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போகிறது என்று எழுதிப் பாருங்கள். திங்கட்கிழமை கண்டி தேசிய வைத்தியசாலையின் கிளினிக். புதன்கிழமை சட்டத்தரணியின் அலுவலகம். வெள்ளிக்கிழமை கோயில் அல்லது பள்ளிவாசல். சனிக்கிழமை மகளுக்கு வரன் பார்க்க ஒரு வீடு. ஒரு நாள் நகையோடு அடகுக் கடை. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாத தம்பதி யாருக்கும் சொல்லாமல் போகிற டொக்டர். குடிக்கும் கணவனிடமிருந்து தப்பி அக்கா வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெண்ணின் ஸ்கூட்டர். இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. ஆனால் எதையாவது நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சம்மதிப்போமா? நம் வீடுகளில் வரன் பேச்சைக்கூட முடிவாகும் வரை அடுத்த வீட்டுக்குச் சொல்வதில்லை. மானம், மரியாதை என்று நாம் கட்டிக் காக்கும் பலவற்றுக்கு அடியில் இருப்பது இந்த அந்தரங்கம்தான்.

அந்தக் குறிப்புகளைப் பார்க்கப் போவது முகமில்லாத இயந்திரம் அல்ல. ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். அவருக்கும் உறவு உண்டு, பகை உண்டு, அரசியல் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் பொலிஸ் தலைவரே, தன்னைப் பிரிந்து போன பெண்ணின் வண்டியையும் அவருடைய புதிய நண்பரின் வண்டியையும் இந்தக் கமராப் பதிவுகளில் 200 தடவைக்கு மேல் தேடியிருக்கிறார். விசாரணைக்காகத் தேடுவதாகவே காரணம் பதிந்திருந்தார். அவருடைய தேடல்கள் ஒவ்வொன்றும் கணினியில் பதிவாகியிருந்தபடியால், பிறகு அவற்றை எண்ணிச் சொல்ல முடிந்தது. இங்கே யார் எதைத் தேடினார் என்ற பதிவு இருக்குமா? அதை யார் பரிசோதிப்பார்?

இயந்திரமும் தவறும். 2020 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில் ஒரு கறுப்பினக் குடும்பம், பெண்களும் சிறுமிகளும், சலூனுக்குப் போன இடத்தில் பொலிஸாரால் துப்பாக்கி முனையில் சூடான தார்த் தரையில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் இருந்தது. காரணம் என்ன தெரியுமா? வேறொரு மாநிலத்தில் பதிவான, களவுபோன மோட்டார் சைக்கிள் ஒன்றின் நம்பரும் அவர்களுடைய காரின் நம்பரும் ஒன்று. கணினி மணி அடித்தது, மனிதர் யோசிக்கவில்லை. நகர நிர்வாகம் 2024இல் அந்தக் குடும்பத்துக்கு 19 இலட்சம் டொலர் கொடுக்கச் சம்மதித்தது. நம் ஊரில் இப்படி நடந்தால் நம்மில் யாருக்கு வழக்குப் பேச வசதி இருக்கிறது?

நம் நாட்டுத் தகடுகளை யோசியுங்கள். பழைய ஸ்ரீ வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நடுவில் கோடு போட்ட இலக்கங்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்து நம்பர்கள் இருக்கின்றன. அவற்றில் மாகாண எழுத்து உள்ளவையும் உண்டு, 2023இலிருந்து அது இல்லாதவையும் உண்டு. 2025இல் வாகன இறக்குமதி மறுபடியும் தொடங்கியபோது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தால் தகடு அச்சிட்டுக் கொடுக்க முடியாமல், ஆயிரக்கணக்கான புது வண்டிகள் தற்காலிகத் தகட்டோடு ஓடின. சேறு, மழை, பனிமூட்டம் எல்லாம் மலைநாட்டு வீதிகளில் அன்றாடம். கணினி 8 என்று வாசிப்பது 3 ஆகவும் இருக்கலாம்.

இன்னொரு பெரிய சிக்கல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி விற்கும்போது பெயர் மாற்றாமல், ஓப்பன் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடும் பழக்கம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். அவர் மற்றொருவருக்கு. நான்கு கை மாறிய பிறகும் திணைக்களத்தின் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். கமரா சாரதியின் முகத்தைத் தேடாது, நம்பரைத்தான் தேடும். கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஒரு மாஸ்டருக்கு, ஆறு வருஷத்துக்கு முன் விற்ற மோட்டார் சைக்கிள் பொரளையில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு அறிவித்தல் வந்தால் அவர் யாரிடம் போய் நிற்பார்? அண்ணனின் பெயரில் வண்டி, ஓட்டுவது தம்பி என்ற வீடுகள் எத்தனை! மனைவியின் பெயரில் இருக்கும் வானை வாடகைச் சாரதி ஓட்டும் வீடுகள் எத்தனை! அந்த வீடுகளில் எல்லாம் பொலிஸில் போய் "நான் இல்லை" என்று நிரூபிக்கும் வேலை, பெயர் எழுதியிருப்பவர் தலையில் விழும்.

அந்தக் கடிதம் எந்த மொழியில் வரும்? தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனாலும் கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு அரசாங்கக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்து, அதை வாசிக்கப் பக்கத்துக் கடைக்காரரைத் தேடிப் போகும் கதை இன்னும் முடியவில்லை. குற்றம் சாட்டும் கடிதத்தையாவது, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டாமா?

நமக்கு வாகன இலக்கத் தகடு எக்காலத்திலும் வெறும் தகடாக இருந்ததில்லை. 1957இல் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கியபோது எழுந்த எதிர்ப்பு, 1958இல் தார் பூசும் போராட்டமாக மலையகம் வரை வந்ததை நம் மூத்தவர்கள் அறிவார்கள். பிறகு யுத்த காலம். 1998 ஜனவரி 25 அன்று வெடிமருந்து நிரப்பிய லொறியொன்று தலதா மாளிகை வாசலில் வெடித்தது. அப்பாவிகள் இறந்தார்கள். ஒரு நகரமே துக்கத்தில் மூழ்கியது. மாளிகை முன்னால் போகும் வீதி வண்டிகளுக்கு மூடப்பட்டது. அந்த வேதனையை இந்த ஊரில் எல்லா இனத்தவரும் சுமந்தோம். வண்டிகளைக் கவனிக்க வேண்டிய தேவை கண்டிக்கு உண்டு என்பதை அந்த நாளை அறிந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். பாதுகாப்புக்கு என்று எடுத்த பட்டியல், பிறகு ஆட்களைப் பிரிக்கும் பட்டியலாக மாறியதை. யார் வீட்டில் யார் தங்கியிருக்கிறார் என்று பொலிஸில் படிவம் நிரப்பிக் கொடுத்த தலைமுறை நாம். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. 2008 செப்டம்பரில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்து தங்கியிருந்தவர்கள் பதிவுக்காக வரிசையில் நின்றார்கள். அன்று அதைக் கையால் எழுத வேண்டியிருந்தது. இன்று ஒரு கணினி, எந்த வண்டி எந்தக் கோயிலுக்கு முன்னால், எந்தப் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றது என்பதை ஒரு நொடியில் பட்டியல் போட்டுவிடும்.

திகனயை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் வீதியில் ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி சில நாட்களில் இறந்தார். அதைத் தொடர்ந்து மார்ச்சில் திகனயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6 அன்று அவசரகால நிலை பிரகடனமானது. பாதுகாக்க வந்தவர்களே தங்களை அடித்ததாகப் பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். கமராக் காட்சிகள் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஓரளவு வலுச் சேர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்த மாதமே எழுதியது. ஆகவே எளியவருக்குக் கமரா சாட்சியாகவும் நிற்கும். ஆனால் அந்தச் சமயத்தில் குழப்பக்காரர்களின் கையில், எந்த வண்டி எந்த வீட்டுக்குச் சொந்தம் என்ற பட்டியல் கிடைத்திருந்தால்? அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. பெயரையும் விலாசத்தையும் வண்டியையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், அது யார் கைக்குப் போகும் என்பதற்கு எந்த அரசாங்கமும் என்றென்றைக்கும் உத்தரவாதம் தர முடியாது.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 2010இல் இதே பயம்தான் மக்களை ஒன்றுதிரட்டியது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் இரண்டு பகுதிகளைச் சுற்றி 200க்கு மேற்பட்ட கமராக்களைப் பொலிஸார் வைத்தார்கள். அவற்றில் பல நம்பர் வாசிப்பவை, சில மறைத்து வைக்கப்பட்டவை. ஊருக்குப் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். பணம் பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து வந்தது பின்னர் தெரியவந்தது. மக்கள் கொதித்தார்கள். பொலிஸ் தரப்பு மன்னிப்புக் கேட்டது. கமராக்கள் கழற்றப்பட்டன. அந்த மக்களுக்கும் பொலிஸுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை கெட்டதுதான் அங்கே பெரிய நட்டம். களவு நடந்தால் தகவல் சொல்ல வருபவர்களும் அந்த மக்கள்தானே?

நம் சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. இந்தியாவில் அது அரசியலமைப்பு தரும் உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதியரசர்கள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். அப்படி ஒரு தீர்ப்பின் நிழல் நமக்கு இல்லை. பொலிஸார் இன்னும் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறார்கள். மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம் நம்பர் வாசிக்கும் கமராவுக்கு வழி சொல்லுமா?

2022இல் பாராளுமன்றம் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். ஒருவரைப் பற்றிய விபரத்தை எதற்காக எடுத்தீர்களோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், தேவை முடிந்தால் வைத்திருக்காதீர்கள் என்பது அதன் அடிப்படை. பொது இடங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாடு என்றால் அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்தன. நாள் நெருங்கியபோது தள்ளிப் போட்டார்கள். குற்ற விசாரணை, தேசியப் பாதுகாப்பு என்று வரும்போது விலக்குக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பாதுகாப்பு வேலி போடத் தாமதமாகும்போது கமராக்கள் மட்டும் தாமதிக்காமல் வருவது சரியா?

கமராவும் இருக்கலாம், மரியாதையும் இருக்கலாம் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இல்லாமல் இல்லை. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 மார்ச்சில் இரண்டு மாநிலங்களின் சட்டங்களைத் தள்ளுபடி செய்தது. பட்டியலோடு பொருந்தாத நம்பர் அந்தக் கணமே தடயமில்லாமல் அழிய வேண்டும் என்பது அந்த நீதிமன்றத்தின் நிலை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் பொருந்தாத நம்பரை 3 நிமிடத்துக்குள் அழிக்கச் சொல்கிறது. பிரித்தானியாவில் ஓராண்டு வரை வைத்திருக்கிறார்கள், அது கூடுதல் என்ற வாக்குவாதம் அங்கே ஓயவில்லை. 3 நிமிடத்துக்கும் ஓராண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! கண்டிக்கு எது என்று யார் முடிவு செய்யப் போகிறார்கள்? அந்த முடிவில் நமக்குப் பங்கு உண்டா?

என் அபிப்பிராயம் இது. தேடப்படும் வண்டியின் பதிவு, குற்றம் செய்த வண்டியின் பதிவு, இவற்றை வழக்கு முடியும் வரை வைத்திருக்கட்டும். மற்ற எல்லா வண்டிகளின் பதிவும் அன்றைக்கே அழிய வேண்டும். யார் தேடினார், எதற்காகத் தேடினார் என்பது பதிவாக வேண்டும். பொலிஸுக்கு வெளியே உள்ள ஒருவர் அதைப் பரிசோதிக்க வேண்டும். இது எழுத்தில், மூன்று மொழியிலும், கமராவுக்கு முன்னால் வர வேண்டும். கமரா வந்த பிறகு விதி எழுதினால், இருக்கிற பழக்கத்துக்கு ஏற்றபடிதான் விதி அமையும்.

நாம் என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நம் கையில் இருக்கிறது. பொலிஸ் திணைக்களமும் மாநகர சபையும் அதற்குள் வருகின்றன. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். விசாரணை இரகசியத்தை நாம் கேட்கப் போவதில்லை. கண்டி நகரக் கமராக்களில் நம்பரை வாசிக்கும் வசதி இருக்கிறதா, பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், எந்தப் பதவியில் உள்ளவர் பார்க்கலாம், வேறு எந்தத் திணைக்களத்துக்குக் கொடுக்கிறார்கள், தவறாக அறிவித்தல் வந்தால் யாரிடம் முறையிடுவது, இதற்கு எழுதிய விதி இருந்தால் அதன் பிரதி. இவ்வளவுதான் கேள்வி. ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கும்.

நம் இதழின் சார்பில் இந்த விண்ணப்பத்தைக் கண்டிப் பொலிஸுக்கும் மாநகர சபைக்கும் அனுப்புகிறோம். வரும் பதிலை, என்ன பதிலாக இருந்தாலும், இதே பக்கத்தில் அப்படியே வெளியிடுவோம். பதில் நல்லதாக இருந்தால் பொலிஸாரைப் பாராட்டி எழுதவும் தயங்க மாட்டேன்.

நீங்களும் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் அதே கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த பொலிஸ் பொதுமக்கள் கூட்டத்தில், பள்ளிவாசல் நிர்வாகத்தில், கோயில் பரிபாலன சபையில், விகாரையின் தாயக சபையில் இருக்கும் நண்பர்களோடும் இதைப் பேசுங்கள். கண்டியின் எந்த வாசல் வழியாக வந்தாலும் கமரா எல்லோருடைய நம்பரையும் ஒரே மாதிரித்தான் வாசிக்கும் என்பதால், இது எல்லா இனத்தாருக்கும் பொதுவான விஷயம்.

அதோடு ஒரு சின்ன வேலை. உங்கள் வீட்டில் எப்போதாவது வண்டி விற்றிருந்தால், அது இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். வாங்கியவரைக் கண்டுபிடித்துப் பெயரை மாற்றிவிடுங்கள். வாங்கிய வண்டி இன்னும் பழைய ஆளின் பெயரில் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறு யாரோ செய்த பிழைக்கு உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே அறிவித்தல் வந்திருந்தால் நமக்கு எழுதுங்கள். உங்கள் பெயரையோ வண்டி நம்பரையோ வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்